வெறும் சட்டியை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா?

“கேக்காம எடுத்துக்கினு போவச் சொல்றியா? இன்னாடி பொண்ணு இவ?”

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள் ஈஸ்வரி. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பேக்கிங் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசை அவளுக்கு. தினமும் பொன்னேரியில் இருவரும் சேர்ந்துதான் ரயில் ஏறுவோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் தனியாகவே செய்த கேமை விளையாட அவளை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்திருந்தேன்.

“கேம்தானடி! உள்ள போ, தூக்குச்சட்டிய க்ளிக் பண்ணு, எடுத்துக்கினு வா. எல்லா அட்வென்ச்சர் கேம்லயும் அப்டித்தான்.”

“எல்லாத்துலயும் திருட்டுதானா?”

கதை இதுதான். பழவேற்காடு ஏரி நடுவே ஒரு தீவில் அத்தா மாட்டிக்கொண்டார். மகள் மெஹர் படகில் போய் அவரைக் கூட்டி வர வேண்டும். படகோ ஓட்டை. தண்ணீரை மொண்டு கொட்ட ஒரு தூக்குச்சட்டி வேண்டும். அது பக்கத்து வீட்டுப் பூவம்மாளிடம் இருக்கிறது. பூவம்மாள் தூங்குகிறாள். பழைய கால கேம்கள் மாதிரியே பெரிய பெரிய சதுரப் புள்ளிகள், பதினாறே நிறம். ஷிஃப்ட் முடிந்து வந்து ஒவ்வொரு புள்ளியாக நானே வைத்தது.

இன்டர்நெட்டில் இந்த மாதிரி கேம்களுக்கென்று ஒரு போட்டி. செய்தவரைத் தவிர இன்னொருவர் கடைசிவரை ஆடி முடித்து, தன் பெயரைக் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அன்று மாலை ஆறு மணியோடு கடைசி. என் அண்ணன் அஸ்கர் அலி பாதி ஏரியில் மெஹரை விட்டுவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டான். மிச்சம் ஈஸ்வரி மட்டும்தான்.

அவள் பூவம்மாளைக் க்ளிக் செய்தாள். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்றது திரை. மறுபடி செய்தாள். மறுபடியும் அதே.

“எழுந்திரிக்க மாட்டேங்குதே. இத்த இன்னாத்துக்குப் படுக்க வச்ச?”

“சும்மா, அழகுக்கு.”

“நல்ல அழகு! நான் கெளம்பறேன்மா. ஊட்ல நடவு ஆளுங்க வந்துகீறாங்க.”

“இரு, இரு, இருடி! எழுப்பிடறேன்.” அவளைத் தள்ளிவிட்டு நான் உட்கார்ந்தேன். “கேட்டா இன்னா சொல்லும்?”

ஈஸ்வரி யோசிக்கவேயில்லை. “‘இத்தக் கேக்கவா எழுப்பின? எடுத்துக்கினு போ கண்ணு, மூடி ஆணியில தொங்குது’ன்னும்.”

அப்படியே டைப் செய்தேன். பூவம்மாளுக்கு முதல் முறையாக வாய் திறந்தது. ஈஸ்வரி சிரித்துக்கொண்டே சட்டியை வாங்கினாள், தண்ணீரை இறைத்தாள், அத்தாவையும் அவர் பிடித்து வைத்திருந்த மடவை மீன்களையும் கரை சேர்த்தாள். ‘முற்றும்’ வந்தது. நான் கைதட்டினேன்.

“இன்னா முற்றும்? சட்டி என் கையிலகீதே!”

“ஈஸ்வரி, மணி அஞ்சாவப் போவுது. பேரக் குடுடி.”

“நான் முடிக்கலியே. முடிச்சேன்னு எப்டிச் சொல்வேன்?”

வாசலில் வந்து நின்ற அண்ணன் சிரித்தான். “மாட்னியா நௌஷீனு? டெஸ்டர் இல்ல, மாமியாரக் கூட்டிக்கினு வந்துகீற.”

‘முற்றும்’ வரும் இடத்தைக் கரையிலிருந்து பூவம்மாள் வாசலுக்கு மாற்றினேன். ஈஸ்வரி மெஹரை நடத்திக்கொண்டு வந்தாள். வாசலில் நிறுத்திவிட்டுத் திரையில் மெஹரின் பையைத் துழாவினாள்.

“இப்ப இன்னாடி?”

“வெறும் சட்டியவா நீட்டுவாங்க? உங்க அம்மா எங்க ஊட்டுக் கிண்ணத்தத் திருப்பிக் குடுக்கும்போது ஒரு தபாவாவது காலியா குடுத்துகீறாங்களா?”

இல்லை. சேமியாவாவது, ஒரு பிடி சர்க்கரையாவது இல்லாமல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பாத்திரமும் திரும்பிப் போனதில்லை. பதினாறு நிறத்தில் ஓர் ஊரையே வரைந்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

அவள் மடவையைச் சட்டியின் மேல் க்ளிக் செய்தாள். ‘ஒன்றும் நடக்கவில்லை.’ என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கீபோர்டை இழுத்துக்கொண்டேன். அண்ணன் கிரிக்கெட்டை மறந்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

சட்டியில் மீன் விழுந்தது. பூவம்மாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “உள்ள வா, சாப்ட்டுப் போலாம்” என்றாள். அது மட்டும் நானே எழுதியது. ஈஸ்வரி மெஹரை உள்ளே நடத்தினாள்.

“இப்பப் போடு முற்றும். என் பேரையும் போட்டுக்கோ.”

கேமை எழுதிய சிடியை எடுத்துக்கொண்டு அண்ணன் சைக்கிளில் பிரவுசிங் சென்டருக்குப் பறந்தான். ஆறு மணிக்குள் கேம் போட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கேமைத் திறந்ததும் என் பெயருக்கும் முன்னால் இப்போது வருவது ‘ஈஸ்வரிக்கு நன்றி’தான். அவள் மட்டும் பொய்யாகத் தலையாட்டியிருந்தால், நான் ஒரு திருட்டுக் கதையைத்தான் பெருமையாக அனுப்பி வைத்திருப்பேன்.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. கேட்காமல் சட்டியை எடுக்கிற பழைய வழியும் கேமில் அப்படியே இருக்கிறது. அடைத்துவிடு என்கிறாள் ஈஸ்வரி. விட்டுவை, எழுப்பத் தோன்றுகிறவர்கள் எழுப்பட்டும் என்கிறான் அண்ணன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்களேன்?