தேயும் அடிச்சுவடு

முதுகுன்றம் என்னும் பழம்பெயரைச் சுமந்து நிற்கும் விருத்தாசலத்தில், கற்றறிந்த பெருமக்களே, கண்ணுக்கெட்டிய தொலைவுவரை குன்று ஒன்றும் இல்லை. கிழக்கே சேத்தியாத்தோப்பு வரைக்கும் நெல்வயல்கள். வடக்கே செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகள். ஊரின் ஓரத்தில் வெள்ளைக் களிமண் குவியல்களும் புகைபோக்கிகளுமாய்ப் பீங்கான் தொழிற்கூடங்கள். இருந்த குன்று மண்ணுக்குள் அமிழ்ந்துவிட்டது என்று ஊரார் சொல்வர். தோண்டிப் பார்த்தவர் எவருமில்லை. ஆயினும் மேற்கே கல்வராயன் மலையில் பெய்யும் மழை, மணிமுத்தாறாய் இறங்கி இவ்வூர்க் கோயிலின் மதிலோரம் தவழ்ந்து போகின்றது. ஆவணித் திங்களின் ஒரு விடியற்பொழுதில், சூளைகளின் வெப்பம் இன்னும் ஆறாதிருக்க, அந்த ஆறு வந்த வழியே மேற்கு நோக்கிச் செல்லும் முதற் பேருந்தில் சிங்காரவேல் என்பார் ஏறி அமர்ந்தார். அவர் தோட்பையில் அச்சு வார்க்கும் வெண்சுண்ண மாவு இரண்டு படி இருந்தது.

சிங்காரவேல் முப்பது ஆண்டுகளாகப் பொம்மைகளுக்கு அச்சு எடுப்பவர். அவர் மனைவி கொளஞ்சியம்மாள் அதே தொழிற்கூடத்தில் பொம்மைகளுக்குக் கண் எழுதுபவள். அவர் உடல் தருவார், அவள் உயிர் தருவாள் என்று உடன் வேலை செய்வோர் கேலி பேசுவதுண்டு. வீட்டிலும் அதே கதைதான் என்பது அக்கேலியின் மறுபாதி. சுண்ண அச்சின் இயல்பு ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்குள் களிக்குழம்பை ஊற்றி ஊற்றி எடுக்குந்தோறும் அச்சு சிறிது சிறிதாய்த் தேயும். முதற் பொம்மைக்கு நகக்கண் வரை துலங்கும். நூறாவதற்கு மூக்கு மழுங்கும். பேராசை பிடித்தவன் அதற்கு மேலும் வார்த்தால், வருவது பிள்ளையா பிடிகொழுக்கட்டையா என்று சொல்ல முடியாது. அச்சு தேய்ந்ததென்று கண்டால் அதை உடைத்துவிடுவதே தொழில் அறம்.

அவர்களுடைய ஒரே மகள் வெண்மதி. ஐந்தாம் அகவையில் தொழிற்கூட முற்றத்தில் ஓடும்போது உடைந்த பீங்கான் சில்லு குத்தி, இடக்குதிகாலில் பிறை வடிவில் ஒரு தழும்பு விழுந்தது. நிலவுக்குப் பிறையும் வாய்த்துவிட்டது என்று சொல்லியே அன்று அழுத பிள்ளையைச் சிரிக்க வைத்தார்கள். இருபத்திரண்டு அகவையில், செடிகொடிகளைப் பற்றிய மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவள், ஆடித் திங்களின் இறுதியில் தோழியரோடு கல்வராயன் மலையின் நிழற்பாதை ஒன்றில் நடக்கச் சென்றாள். மூடுபனி இறங்கிய அரை நாழிகைக்குள் தோழியர் கண்ணிலிருந்து மறைந்தாள். காவலரும் மலையூராரும் இருபது நாள் தேடினார்கள். பாதையின் உச்சியிலுள்ள சுனைக்கரையில் அவள் காலணிகள் இரண்டும், வீட்டு வாயிலில் கழற்றி வைத்தவைபோல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. வேறொன்றும் அகப்படவில்லை.

தேடியவர்கள் கைவிரித்த அன்று, கொளஞ்சியம்மாள் மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலுக்குச் சென்றாள். அப்பெருமானிடம் குறையுள்ளோர் பிராது கட்டுவது அந்நாட்டு வழக்கம். ஊரும் பேரும் குறையும் தாளில் எழுதி, வழிபட்டு, முனியப்பர் முன்னுள்ள வேலில் கட்டிவிட வேண்டும்; குறை தீர்ந்தபின், கட்டியவரே வந்து பிராதைத் திரும்பப் பெற வேண்டும். பெற்ற மகளை வீட்டு வாயிலில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று அவள் எழுதினாள். அந்தக் கடவுளின் பெயரையே சூடியவள் கேட்கும்போது எப்படி மறுப்பார் என்பது அவள் உறுதி. தாய் தெய்வத்தை நம்பினாள். தந்தை தம் கால்களை நம்பினார். அதனாலேயே அந்த ஆவணி விடியலில், சுவடு ஏதேனும் கண்டால் அச்செடுத்து வரலாமென்று மாவோடு அவர் பேருந்தேறியது.

மலையடிவாரத்தில் பாஞ்சாலை என்பவளின் தேநீர்க் கடையைக் கடந்தால் பாதை தொடங்கும். பத்தடி நடந்ததும் வெயில் பின்தங்கிவிடும். மரங்கள் மேலே ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ள, நண்பகலிலும் அங்கே பொழுது சாய்ந்ததுபோலவே இருக்கும். கார்காலத்தில் பாசி படர்ந்த கற்களும், கால் வைத்தால் உள்வாங்கும் இலைமக்கும், நில்லாது சொட்டும் நீருமாய் அக்காடு இருந்தது. ஓரிடம் வரை பறவைகள் ஓயாது கூவின. அதற்கப்பால் ஒன்றுகூடக் கூவவில்லை. தமக்குப் பின்னே யாரோ நடப்பதுபோல் சிங்காரவேலுக்குத் தோன்றியது. நின்றால் அவ்வொலியும் நின்றது. அச்சத்தால் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவர் ஒப்பமாட்டார். உண்மை அதுதான்.

சுனைக்கரையின் ஈரக் களியில் ஒரே ஓர் அடி பதிந்திருந்தது. வெறுங்கால், இடக்கால், முன்னுமில்லை, பின்னுமில்லை. விரல்கள் ஊர்ப்பக்கமாய்க் கீழ்நோக்கி இருந்தன. அச்சுக்காரர் கண்ணுக்கு அது அடிச்சுவடன்று, மண்ணே எடுத்து வைத்த அச்சு. சுனைநீரில் மாவைக் கரைத்து அதில் வார்த்தார். இறுகியதும் பெயர்த்துக் கழுவிப் பார்த்தபோது, ஐந்து விரலும், நகங்களும், குதிகாலில் பிறைத் தழும்பும் ஒரு மயிரளவும் குறையாமல் அவர் கையில் இருந்தன.

அதை வீட்டில் கண்ட கொளஞ்சியம்மாள் அழவில்லை. விரல்கள் இருந்த திசையைக் கேட்டபின், மடியில் வைத்துத் தடவியபடி, "வந்துக்கிட்டு இருக்குதுங்க பாப்பா. வூட்டுப் பக்கமாத்தான் காலு இருக்குது பாருங்க," என்றாள். ஊராரிடம் சொன்னபோது, மலையூர்ப் பெண் எவளோ தண்ணீர் எடுக்க வந்திருப்பாள் என்று தேற்றினார்கள். சிங்காரவேல் குதிகாலின் பிறையைத் தொட்டுக் காட்டினார்.

கூதிர்காலத்தில் மழைக்கு இடையே கிடைத்த ஒரு நாளில் அவர் மீண்டும் நடந்தார். அட்டைகள் கணுக்காலைச் சுற்ற, ஓடையாகிப்போன பாதையில் ஏறியவருக்குச் சுனைக்கரையில் ஒன்றும் அகப்படவில்லை. மனமுடைந்து இறங்கும்போது, பாதி வழியில், ஒரு கடுக்காய் மரத்தடியில் அவ்வடி இருந்தது. கீழே இறங்கி வந்திருக்கிறாள்! அவர் வாய்விட்டு அவள் பெயரைக் கூவினார். காடு அதைத் திருப்பித் தரவில்லை, விழுங்கிக்கொண்டது. அன்று வார்த்த பாதத்தில் தழும்பு சற்று மங்கியிருந்தது. மழைநீர் கலைத்திருக்கும் என்று தம்மையே ஏய்த்துக்கொண்டார்.

பின்பனியில் மூங்கில்கள் இலையுதிர்த்து எலும்புபோல் உரச, அடி இன்னும் கீழே, பாறைத் திருப்பத்தில் இருந்தது. சுற்றிலும் மண் காய்ந்து வெடித்திருக்க, அவ்வோரிடம் மட்டும் இப்பொழுதுதான் மிதித்ததுபோல் ஈரமாயிருந்தது. வார்த்த பாதத்தில் தழும்பு இல்லை, நகங்களும் இல்லை. இளவேனிலில், கொன்றை பூத்துப் பாதையெல்லாம் மஞ்சள் உதிர்ந்த நாளில், அடி காட்டின் வாயிலிலேயே இருந்தது. அதிலிருந்து அவர் பெயர்த்தெடுத்ததில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பக்கம் அகன்ற வழுவழுப்பான கட்டியே இருந்தது. நீளம் மகளின் நீளம். மற்றபடி அது யாருடையதாகவும் இருக்கலாம்.

கடைக்கு வந்து அமர்ந்தவரிடம் தேநீரை நீட்டிய பாஞ்சாலை, அவர் தோளுக்கு அப்பால் பார்த்தபடி, "ஏங்க, ஒங்க கூட வந்த பொண்ணு அங்கியே நிக்கிதே, டீ சாப்புடாதா?" என்றாள்.

"என்கூட யாரும் வரலியேம்மா."

"ஒங்க பின்னாலதானங்க எறங்கி வந்துச்சு. பச்சத் துப்பட்டா போட்டுக்கிட்டு." அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "இப்பக் காணோம். மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நெனப்பே வரமாட்டங்குதுங்க. பாத்தனா பாக்கலியான்னே தெரியல."

மலைக்குப் போன அன்று வெண்மதி தோளில் அணிந்திருந்த மேலாடை பச்சை நிறம். தேநீர் சிங்காரவேலின் கையில் ஆறிப்போனது. பேருந்தில் அமர்ந்து, ஊர் நெருங்க நெருங்க, முப்பது ஆண்டுத் தொழில் அவருக்கு உண்மையைச் சொல்லிற்று. வா வா என்று தாய் வேண்டுந்தோறும், ஓர் அடி என்று அவர் தேடி வார்க்குந்தோறும், தேய்ந்தது மண் அன்று, மகள். இன்னும் ஒரு பருவம் பொறுத்தால் அவள் வாயிலுக்கு வந்துவிடுவாள். வருவதில் அவள் இருக்கமாட்டாள்.

வீட்டில் கொளஞ்சியம்மாள் மகளின் அறையை மெழுகி, புதுப் பாவாடை தைத்து, வாயிலில் நாளும் விளக்கேற்றிக் காத்திருந்தாள். நான்கு பாதங்களையும் வரிசையாய்த் தரையில் வைத்து, பிராதைத் திரும்பப் பெறச் சொன்னார் சிங்காரவேல். அவள் பொங்கி எழுந்தாள்.

"ஒங்களுக்கு என்னாங்க வந்துச்சு? இந்தா, வாசலாண்ட வந்துடுச்சு, இப்பப் போயி வாணாம்னு எழுதித் தரச் சொல்றீங்களே. காலு இல்லாம வரட்டும், கண்ணு இல்லாம வரட்டும், எப்படி வந்தாலும் அது என் பொண்ணுங்க."

ஐந்து நாள் இருவரும் ஒரு கூரையின்கீழ் இரண்டு ஊரில் இருப்பவர்போல் இருந்தார்கள். ஆறாம் நாள் தொழிற்கூடத்தில், தேய்ந்த பழைய அச்சில் யாரோ வார்த்துவிட்ட ஒரு பெண் பொம்மை கொளஞ்சியம்மாளின் பலகைக்கு வந்தது. மூக்கில்லை, கண்குழியில்லை, முட்டைபோல் வழுவழுத்த முகம். பழக்கத்தால் தூரிகையை எடுத்தவள், எங்கே வைப்பதென்று அறியாமல் முகத்தின்மேல் கையைத் தூக்கியவாறே நெடுநேரம் இருந்தாள். பின்பு அதைக் கையில் ஏந்தியபடியே கணவர் வேலைசெய்யும் கொட்டகைக்கு வந்து, எல்லார் முன்னிலையிலும் குமுறி அழுதாள்.

"மூஞ்சியே இல்லாததுக்கு எங்கன்னுங்க நான் கண்ணெழுதறது? எம் பொண்ணு என்னெப் பாக்கறதுக்குக் கண்ணு வாணாமா? போதும்ங்க. இருக்கறதாவது அதுகிட்ட இருக்கட்டும்."

முதுவேனிலின் ஒரு திங்கட்கிழமை அவர்கள் மணவாளநல்லூருக்குச் சென்றார்கள். பிராதைத் திரும்பப் பெறுவோர் பொங்கலும் மாலையுமாய்ச் சிரித்துக்கொண்டு வருவதே அங்குள்ளவர் கண்டது. திரும்பப் பெறுவதாக அவள் எழுதிய தாளை வாங்கிப் பார்த்த கோயில் முதியவர் அம்மகிழ்ச்சியை எதிர்நோக்கி, "கேட்டது கெடச்சிடுச்சாம்மா?" என்றார்.

கொளஞ்சியம்மாள் கணவரைப் பார்த்தாள், வேலைப் பார்த்தாள். "கெடச்சிடுச்சுங்க," என்றாள். அவ்வொரு சொல்லைச் சொன்ன நோவுக்கு முன், மகளைப் பெற்றபோது பட்ட நோவெல்லாம் ஒரு பொருட்டன்று.

அன்று மாலை தேய்ந்த மூன்று பாதங்களையும் சிங்காரவேல் உடைத்தார். முதற் பாதத்தை உடைக்கக் கை வரவில்லை. அதனைக் கொளஞ்சியம்மாள் துணியில் சுற்றி மகளின் பேழைக்குள் வைத்தாள். முதுவேனில் முடியும்வரை அவ்வீட்டு வாயிலில் எதுவும் வந்து நிற்கவில்லை. வராதோ என்று ஏங்கியவர்கள் வந்துவிடுமோ என்று அஞ்சி, வரவில்லையே என்று அழுது, அவ்வேனிலைக் கடந்தார்கள்.

மீண்டும் கார் வந்தது. இம்முறை இருவரும் சேர்ந்தே மலையேறினார்கள். பழக்கம் விடாமல் சிங்காரவேல் மாவையும் சுமந்து வந்திருந்தார். காட்டின் வாயில், பாறைத் திருப்பம், கடுக்காய் மரம் எங்கும் அடியில்லை. பின்னே நடக்கும் ஒலியுமில்லை. பறவைகள் வாயடைக்கும் அந்த இடத்தில், அன்று ஏதோ ஒன்று ஒருமுறை கூவியது. சுனைக்கரைக்கு அவர் முந்திச் சென்று, மண்டியிட்டு, அவளைக் கைகாட்டி அழைத்தார்.

ஈரக் களியில் ஓர் இடக்கால். ஐந்து விரலும் பிரிந்து, நகம் ஒவ்வொன்றும் துலங்கி, குதிகாலில் பிறை தெளிவாய்ப் பதிந்திருந்தது. விரல்கள் மேலே, மலைப்பக்கமாய் இருந்தன.

சிங்காரவேலின் கை தானாகவே பைக்குள் சென்று மாவை எடுத்தது. கொளஞ்சியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாங்க. எடுத்தா தேஞ்சிடும்."

இருவரும் தொடாமல் அதன் அருகே அமர்ந்திருந்தார்கள். நெடுநாள் கழித்து அவள் மகளோடு பேசினாள். நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் தலையை மூடிக்கொள் என்று, விடுதிக்கு அனுப்பும் பிள்ளையிடம் சொல்வதெல்லாம் சொன்னாள். பிறகு மலையின்மேல் இருண்டுவந்த மழை பெரிய துளிகளாய் இறங்கியது. சுவடு நிறைந்தது, நிறைந்த நீர் வழிந்து, கற்களுக்கிடையே புகுந்து, ஊர்ப்பக்கமாய் ஓடியது.

அன்புடையோரே, இழந்ததை இறுகப் பற்றுவதே அன்பென்று நாம் எல்லாரும் ஒருமுறையாவது எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் பிழையென்று சொல்ல எனக்கும் நா எழவில்லை. ஆயினும் பற்றிய கையிலேயே பொருள் தேய்வதுமுண்டு. ஆறு நிறைந்த அக்கார்காலத்தில், மணிமுத்தாற்றுப் படித்துறையில் ஒரு கணவனும் மனைவியும் மாலைதோறும் வந்து அமர்ந்து, மேற்கிலிருந்து வரும் நீரில் காலை நனைத்தபடி இருந்தனர். யாரேனும் கேட்டால், மகள் மலையில் நலமாயிருக்கிறாள் என்றே சொன்னார்கள்.