அழிந்த கோட்டின்மேல் இருபத்தோரடி

இர்திசு ஆறு பனிப்பாளமாய் உறைந்து, மறைகதிரின் செம்மையை மார்பிலேந்திக் கிடந்த மாலைப்பொழுதில், செமெய் நகரத்து மாந்தர் மயிர்த்தோல் குல்லாய் அணிந்து, மூச்செல்லாம் புகையென எழ, பழைய ஆடலரங்கை நோக்கித் திரண்டனர். சர்க்கஸ் கூடாரத்து வாழ்வை நுனிவிரல் ஆடலாக்கி, அவ்வூர் பாலே குழுவினர் அரங்கேற்றும் நாள் அது.

பன்னீராண்டு பின்வரிசையில் ஆடி, முப்பத்துமூன்றாம் அகவையில் முதல் தனியாடலைப் பெற்றிருந்தாள் மெருயெர்த். கயிற்றில் நடப்பவளின் கோலம் அவளுடையது. கயிறோ, நண்பகலில் ஆடலாசிரியை சுண்ணக்கட்டியால் மேடையில் இட்ட வெண்கோடே. இசைஞர் அமரும் பள்ளத்தின் விளிம்பையொட்டிய அக்கோட்டில் இருபத்தோரடி நடந்து, பின்புறமாய்ச் சாய வேண்டும். துணையாடுநன் தாவ்லெத் ஏந்துவான். பிசகினால் மீண்டும் பின்வரிசை என்பது முடிவாகியிருந்தது. "ஊசியத் தொலைச்சவ மாதிரி தரையையே பாக்காதடி" என்று ஆசிரியை கடிந்தும், கோட்டைவிட்டு அவள் கண் அகன்றதில்லை.

இடைவேளை முடியும் வேளையில் மேடையேறியவள் திகைத்தாள். கோடு இல்லை. இடைவேளைதோறும் மேடையை ஈரத்துணியால் துடைப்பது மேடைக்காவலர் தொக்தாரின் வழக்கம். அரங்கேற்ற நாளென்று இருமுறை துடைத்திருந்தார்.

"எவனோ கிறுக்கி வச்சிருந்தான் தாயி. தேச்சு எடுத்துட்டேன்ல."

"அது என் கயிறுண்ணே."

வெளிறிய முகத்தோடு அவர் சுண்ணக்கட்டி தேடுமுன் இசை எழுந்தது, திரையும் விலகியது.

பார்க்கத் தரையில் ஏதுமின்மையால், மெருயெர்த் முதன்முறையாக நிமிர்ந்து நோக்கினாள். கண்கூசும் ஒளிக்கு அப்பால் இருள் மட்டுமே. காற்றைத் துழாவும் பறவையென ஒரு கால் முன்சென்று, நடுங்கி, நிலைத்தது. பொய்யாய் நடிக்கவேண்டிய அச்சம் மெய்யாய் அவளுள் நிறைந்திருந்தமையால், சாணளவு உயரமும் இல்லாத அவ்விடம் மலைமுகடாயிற்று. பள்ளத்து இசைஞர், தம்மேல் விழுவாளோவெனத் தம்மையறியாது தலைதாழ்த்தினர். அறுநூறு பேர் மூச்சடக்கினர். இருபத்தோராம் அடி. பின்னே கை உண்டோ இலதோ என்றறியாது, கண்மூடிச் சாய்ந்தாள்.

கைகள் இருந்தன.

"ரெண்டடி தள்ளி வந்துட்ட," என்று மூச்சிரைக்க அவள் காதோரம் சொன்னான் தாவ்லெத். "நானும் வந்துட்டேன்."

கையொலி அடங்கியபின், சுண்ணக்கட்டியோடு தலைகுனிந்து நின்ற தொக்தாரிடம், "நாளைக்கும் தொடச்சிருங்கண்ணே" என்றாள் அவள்.

அன்று உறைந்த தெருக்களில் இல்லம் திரும்பியோர், கைகளைச் சற்றே விரித்து, ஓரடியின் முன் ஓரடியாய் நடந்தனர். கயிறு எவ்வளவு உயரத்தில் கட்டப்பட்டிருந்தது என்பதைப் பற்றி மட்டுமே அவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது.