கண் மூடிய படங்கள்

எங்கள் பள்ளியில் ஆண்டு மலர் வேலையை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்தால், கம்ப்யூட்டர் டீச்சரின் தலைதான் எல்லாருக்கும் கைக்கு எட்டும். இந்த வருடமும் என் தலைதான் கிடைத்தது. கூடவே ஒரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. என் அண்ணன் மகள் கடைசி வகுப்பில் இருந்தாள். வீட்டில் அவள் வாலு, நான் அத்தை. பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் நான் மிஸ், அவள் யாரோ.

அவள் படம் ஒன்று கூடுதலாக வந்துவிட்டால் ஆசிரியர் அறையில் என் பேர் நாறிவிடும். அதனால் படம் பொறுக்கும் வேலையை மென்பொருளிடமே விட்டேன். மங்கலானது, இருட்டானது, கண் மூடியது எல்லாவற்றையும் அதுவே தனி ஃபோல்டரில் தள்ளிவிடும். மிஞ்சியதை எந்த முகத்தையும் தேடாமல் பக்கங்களில் அடுக்கினேன். இனி யார் என்ன சொல்ல முடியும் என்று எனக்குள் ஒரு மிதப்பு.

மாதிரிப் பக்கங்களை நூலகச் சுவரில் ஒட்டினோம், பிழை இருந்தால் பிள்ளைகளே சொல்லட்டும் என்று. ஆளாளுக்கு முண்டியடித்துத் தங்களைத் தேடினார்கள். வாலுவும் கடைசிப் பக்கம் வரை போனாள், மறுபடி முதலிலிருந்து வந்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை குளியலறையை விட்டு அவள் வெளியே வருவதாக இல்லை. அண்ணி கத்தி ஓய்ந்தபின் நான் போனேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. கண்ணாடி முன்னால் நின்று, கண்ணை அகல விரித்துக்கொண்டு சிரித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, பேயறைஞ்ச மாதிரி?"

"க்ளாஸ் போட்டோல இருக்கிற மாதிரி சிரிச்சுப் பாக்குறேன். அதைத் தவிர நான் எங்கயுமே இல்ல அத்தை. அதுவும் நான் இல்ல." கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள்: "இனிமே போட்டோன்னா சிரிக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. வாலு சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். தூக்கி வளர்த்த எனக்கு அது தெரியாதா? தெரிந்தும், தள்ளிவிட முடியாத வகுப்புப் படத்தில், அவள் அடையாள அட்டைப் படத்திலிருந்து திறந்த கண்ணை வெட்டி அந்தச் சிரிப்பின் மேல் ஒட்டியவள் நான்தான். இந்தப் பெண் சிரிப்பதை விட்டுவிட்டால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

மறுநாள் முதல் வேலையாக அந்தத் தள்ளுபடி ஃபோல்டரைத் திறந்தேன். வாலு அங்கேதான் குடியிருந்தாள். நாடகத்தில் ஒட்டிய மீசை ஒரு பக்கம் தொங்க, ஓட்டப்பந்தயத்தில் ஷூ ஒன்று கழன்று பின்னால் கிடக்க, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டுமா? மைக் கீச்சிட்டபோது சிரித்த முன்வரிசை முழுக்க அங்கேதான் இருந்தது. பள்ளியின் நல்ல சிரிப்பையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, போட்டோவுக்கு விறைத்து நின்றவர்களை வைத்து மலரை நிரப்பியிருந்தேன்.

நடுப்பக்கம் இரண்டையும் இந்தப் படங்களுக்கே கொடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். அவர் வாலுவின் படத்தைக் காட்டி, இவள் உங்கள் சொந்தமாயிற்றே என்று இழுத்தார்.

"ஆமா மேடம், எங்க அண்ணன் பொண்ணுதான். இந்த ஸ்கூல் பொண்ணும்தான்."

அவர் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். பரிசளிப்பு விழாவில் தானே கண்ணை மூடிச் சிரிக்கும் படம் வந்ததும் நின்றார். இதையும் போட்டுவிடுங்கள் என்றார்.

வகுப்புப் படத்தில் வாலுவின் மூடிய கண்ணை அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன். அச்சகத்துக்காரர் போன் செய்து, நடுப்பக்கத்தில் எல்லாருக்கும் கண் மூடியிருக்கிறது, திறந்துவிடட்டுமா என்றார். ஒரு கண்ணைத் தொட்டாலும் நேரில் வந்து உட்கார்ந்துவிடுவேன் என்றேன்.

மலர் வந்த அன்று வாலு வராந்தாவிலேயே நடுப்பக்கத்தைப் பிரித்தாள். மீசைப் படத்தைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண் இரண்டும் மூடிக்கொண்டன.

"சிரிச்சது போதும், மத்த படத்தையும் பாருடி."

"பாக்க முடியல அத்தை" என்றாள், பள்ளி வராந்தாவில், எல்லார் காதிலும் விழும்படி.

மிஸ் என்று நான் திருத்தவில்லை.