ஏற முடியாத பெஞ்சு

எங்கள் தெருவுக்கு நகராட்சி ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தது. குறை சொல்ல முடியாத பெஞ்சு. வழவழவென்று பலகை, வளைந்த இரும்புக் கை, பக்கத்தில் பழைய மோஸ்தரில் ஒரு விளக்குக் கம்பம், அதனடியில் செம்பருத்தித் தொட்டி. போட்டோ எடுத்துப் பேப்பரில் போட்டார்கள். போட்டோவில் பெஞ்சின் மேல் யாரும் இல்லை. சுவர் ஏறத் தெரிந்த ஆடு ஏதும் அன்றைக்கு அந்தப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது.

பெஞ்சு இருப்பது எங்கள் தெருக்காரன் எவாண்ட்ரோ வீட்டு நடைபாதையில். அது தெருவிலிருந்து இடுப்பு உயரம். பிரேசிலில் யார் வீட்டு முன்னால் நடைபாதை இருக்கிறதோ அவர்தான் அதைக் கட்ட வேண்டும். எங்கள் ஊரிலோ மதியம் தவறாமல் மழை, மழை தவறினால் ஆறு. ஆகவே ஆளாளுக்குத் தன் வாசலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் முழங்கால் உயரம், அடுத்தவர் தொடை உயரம், அதற்கடுத்தவர் காரை ஏற்ற வழுக்குமரம் போலச் சரிவு, அதன் மேல் குளியலறை ஓடு. வீட்டின் முன்கட்டில் இருக்கும் என் சாவிக்கடை வாசல் ஒரு சாண் மேடுதான். ஒரு சாண்காரன் இடுப்பு உயரக்காரனைத் திட்டுவதில் தனிச் சுகம் உண்டு. அதை நான் குறையில்லாமல் அனுபவித்து வந்தேன்.

அப்போதுதான் எங்கள் தெரு தோனா ஜுல்மிராவுக்குப் பக்கவாதம் வந்தது. தோனா என்றால் இங்கே 'அம்மா' மாதிரி ஒரு மரியாதைச் சொல்.

ஜுல்மிரா பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். முன் கதவில் நின்று அதட்டினால் பின் கதவில் தொங்குகிறவன் உள்ளே வருவான். இப்போது இடது கால் இழுக்கிறது. நாலு கால் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நகர முடியும். "தினம் நடங்க. நடக்காம விட்டீங்கன்னா அந்தக் கால் அப்படியே நின்னுடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருமுனையில் தக்காக்கா விற்கிறார்கள். உதடு மரத்துப்போகிற கீரையும் இறாலும் போட்ட சூடான ரசம், சுரைக்குடுவையில். சாயங்காலம் அதுவரை போய் ஒரு குடுவை குடித்துவிட்டுத் திரும்புவது என்று ஜுல்மிரா முடிவு செய்தாள்.

முதல் நாள் என் வாசல் வரை வந்தாள். நடைவண்டியின் முன்கால் என் ஒரு சாணில் இடித்து நின்றது.

"என்னய்யா அடெமார், கடைக்குக் கோட்டை கட்டி வச்சிருக்கே? யாரு படையெடுத்து வரப்போறா, நானா?"

மறுநாள் காலையே சம்மட்டியால் உடைத்துச் சரித்தேன். மதிய மழை நேராக உள்ளே வந்து சோபாவுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. என் மனைவி நெய்டி துடைப்பத்தைக் கையில் கொடுத்தாள். அதைவிடக் கேவலம், அதனால் ஜுல்மிராவுக்குப் பத்துப் பைசா லாபமில்லை. என் வாசல் தாழ்ந்ததும் பக்கத்து வாசல் இன்னும் உயரமாகிவிட்டது. ஒரு மேட்டை இடித்து ஒரு பள்ளத்தை உண்டாக்கியதுதான் என் சாதனை.

நகராட்சியிலிருந்து பியான்கா என்ற இளம் பொறியாளர் விளக்கைச் சரிபார்க்க வந்தாள். பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, இந்தப் பெஞ்சுல எப்படி உக்காருறது?"

"நடைபாதை வீட்டுக்காரரோடது சார். நாங்க அதைத் தொட முடியாது. பெஞ்சு, விளக்கு, பூந்தொட்டி மட்டும்தான் எங்க திட்டம்."

"அப்ப ஏணி யாரோட திட்டம்?"

அவள் சிரித்துவிட்டாள். பாவம், நல்ல பெண். எனக்குத்தான் காது வரை கொதித்தது. கால் இழுக்கிற ஒருத்தியை நடக்க விடாத தெருவுக்குப் பூச்சூட்டி, விளக்கேற்றி, கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள்!

எவாண்ட்ரோவிடம் போனேன். அவன் வாசல் ஓட்டைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

"உடைச்சா என் வீட்டுக்குள்ள ஆறு வந்துடும்டா."

"என் வீட்டுக்குள்ள வந்துச்சு. நான் செத்தா போயிட்டேன்?"

"உன் சோபாவும் என் சோபாவும் ஒண்ணா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அச்சில் ஏற்ற முடியாத பதில்.

அன்று சாயங்காலம் ஜுல்மிரா நடைவண்டியைத் தூக்கித் தெருவில் வைத்தாள். ஓரத்தில் அல்ல. ஓரத்தில் சாக்கடை. நட்ட நடுவில்.

"இந்தத் தெருவுல சமமா இருக்கறது இது ஒண்ணுதான். இதுல போறேன்."

குடையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். மழை விட்டிருந்தது, குடையால் ஒரு உபயோகமும் இல்லை, ஆனால் வெறுங்கையோடு வீரம் வருவதில்லை. பின்னாலேயே பஸ் வந்தது. டிரைவர் வால்மோர், ஜுல்மிராவோடு பல வருஷம் ஒரே வண்டியில் ஓடியவன். அவன் ஹாரன் அடிக்கவில்லை. நாலு பக்கமும் மஞ்சள் விளக்கைச் சிமிட்ட விட்டு, ஊர்வலத்துக் குதிரை போல அவள் பின்னால் ஊர்ந்தான். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கார் ஓயாமல் கத்தியது. எட்டிப் பார்த்தேன். எவாண்ட்ரோ.

அவன் வீட்டுக்கு நேராக வரும்போது ஜுல்மிராவின் இடது கால் நடுங்கத் தொடங்கியது. முகம் வெளுத்தது. பெஞ்சு கண்ணெதிரில்தான் இருந்தது, கழுத்து உயரத்தில்.

"ஏறு ஜுல்மிரா! முனையில இறக்கி விடுறேன்!" வால்மோர் கதவைத் திறந்தான்.

"ஏறுனா நான் நடந்ததா ஆகாது. மூடு கதவை!"

சொல்லிக்கொண்டே சாய்ந்தாள். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. ஈரத் தார் ரோட்டில் கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்தேன்.

"உக்காருங்க தோனா."

"பைத்தியமா உனக்கு?"

"நகராட்சி போட்ட பெஞ்சை விட அகலம். உக்காருங்க!"

உட்கார்ந்தாள். பஸ்ஸுக்குள் யாரோ கைதட்டினார்கள், யாரோ திட்டினார்கள். காரிலிருந்து இறங்கி எவாண்ட்ரோ வேகமாக வந்தான். நான் அவன் செருப்பை மட்டும் பார்த்தேன்.

"என்ன கூத்து இது? நடுரோட்டுல!"

என் முதுகிலிருந்து பழைய கண்டக்டர் குரல் எழுந்தது. தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"மூச்சு வாங்குறேன் எவாண்ட்ரோ. உன் வாசல்ல பெஞ்சு இருக்கு, என்னால ஏற முடியல. இவன் குனிஞ்சான். நீ குனிவியா?"

செருப்பு ஒரு அடி பின்வாங்கியது. பிறகு செருப்பு திரும்பிப் போனது. காருக்குள் ஏறினான். கதவை அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினான். அவன் வாசலை உடைப்பானா என்று கேட்காதீர்கள். இதை எழுதுகிற வரை உடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஜுல்மிரா எழுந்தாள். நடைவண்டியைத் தள்ளினாள், காலை இழுத்தாள், மறுபடி தள்ளினாள். பஸ் என்னைச் சுற்றிக்கொண்டு அவள் பின்னாலேயே போனது. முனை வரை போய்விட்டாள். குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதைத் தரையிலிருந்தே பார்த்தேன். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

அவளே திரும்பி வந்து நடைவண்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

"பிடிச்சுக்கிட்டு எந்திரி. நாளைக்கும் இதே நேரம். முதுகுக்கு எதாவது தைலம் போட்டுட்டு வா."