எஃபி பூட்டிவிட்டு வந்த வீடு

சாவியைத் தேடியே எஃபி மெக்காஸ்கில் படகைத் தவறவிடப் பார்த்தாள். பால்மோரில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. அந்தத் தீவில் பூட்டிக் கிடப்பதெல்லாம் வெளியூர்ப் பணக்காரர்கள் வாங்கிப்போட்டு, கோடையில் மட்டும் வந்து தங்கிப் போகிற வீடுகள். ஆனால் எடின்பரோவுக்குப் போய் ஓரிரவு தங்கி வரவேண்டும், அதுவும் சட்டமன்றத்துக்கு. பூட்டிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தேயிலை டப்பாவுக்குப் பின்னால் கிடைத்த துருப்பிடித்த சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

இப்போது பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து, பையை இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இஷ்பெல். தீவின் உறுப்பினர் அலஸ்டேர் மன்ரோவின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். தொகுதிக்காரர்களின் புலம்பலைக் கேட்பது, கடிதம் எழுதுவது, அவர் சபையில் கேட்கவேண்டிய கேள்வியை எழுதிக் கொடுப்பது எல்லாம் அவள்தான்.

"நம்மளுது எப்போ வரும் கண்ணு?"

"இன்னும் ரெண்டு கேள்வி தாண்டணும் எஃபியம்மா. அஞ்சாவது நம்மளுது."

"எழுந்து கேட்டவுடனே சொல்லிடுவாங்களா?"

"உடனே சொல்லித்தான் ஆகணும்."

எஃபியின் கணவர் ஃபின்லேக்கு இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்தது. தீவிலுள்ள சின்ன ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி வைத்தியம் எதுவும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று கிறிஸ்துமஸுக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் காலையிலும் மாலையிலும் அவரைத் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும். ஆளை அனுப்பவேண்டியது மாவட்டக் கவுன்சில். கவுன்சிலிடம் வேலையும் இருந்தது, சம்பளமும் இருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் குடியிருக்கத்தான் வீடு இல்லை. போன வருஷம் ஒரு பெண் ஆசையாக வந்து, வாடகைக்கு எதுவும் கிடைக்காமல், ஒரு வயலில் நிறுத்தியிருந்த சக்கரம் வைத்த வண்டி வீட்டில் படுத்திருந்தாள். முதல் புயல் அந்த வண்டியைக் கவிழ்த்துப் போட்டதும் தன் ஊருக்கே திரும்பிவிட்டாள். அவள் தங்கியிருந்த வயலைச் சுற்றி நாலு பக்கமும் வீடுகள், நாலும் பூட்டிக் கிடந்தன. இந்த அநியாயத்துக்கு யாரைத் திட்டுவதென்றுகூடத் தெரியவில்லை.

எஃபி தினமும் பார்லி போட்ட ஆட்டிறைச்சி சூப்பை ஃப்ளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள். ஃபின்லே அவள் கையால் கொடுத்தால்தான் விழுங்குவார். நர்ஸ் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொள்வார்.

"எங்க வீட்டுக்காரர் எப்போ வீட்டுக்கு வருவாருன்னு கேளுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் எஃபி சொல்லியிருந்தாள். இஷ்பெல்லும் அப்படியேதான் எழுதி அனுப்பினாள். கேள்விகளைச் சரிபார்க்கும் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டது. வீட்டுக்கு ஆள் அனுப்புவது கவுன்சிலின் பாடு, அதை அரசாங்கத்திடம் கேட்க விதியில்லை என்றார்கள். இஷ்பெல் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள். 'வீடு' என்ற சொல்லை எடுத்தாள். சிகிச்சை முடிந்தும் மருத்துவமனைப் படுக்கையில் தங்கியிருப்பவர்கள் விரைவில் வெளியேற அரசு என்ன செய்கிறது என்று திருத்தினாள். கேள்வி ஏற்கப்பட்டது, சபையில் எதெதைக் கேட்பது என்று எடுக்கும் குலுக்கலிலும் விழுந்தது. அமைச்சர் அலுவலகத்திலிருந்து யாரைப் பற்றி என்று கேட்டபோது, எஃபியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஃபின்லேயின் பெயரையும் கொடுத்தாள். அன்று அவளுக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சபாநாயகர் ஐந்தாம் எண்ணை அழைத்தார். கீழே அலஸ்டேர் எழுந்து, அச்சிட்டிருந்ததை எழுத்துப் பிசகாமல் வாசித்தார். சுகாதார அமைச்சர் எழுந்தார். வழக்கமான கோடிகள், வழக்கமான திட்டங்கள். அப்புறம் தாளிலிருந்து கண்ணை எடுத்து, முகம் மலரச் சொன்னார்:

"உறுப்பினர் அக்கறை காட்டும் அந்தக் குறிப்பிட்ட நபர் இன்று காலை மருத்துவமனையிலிருந்து வெளியேறிவிட்டார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கீழே கைதட்டல். எஃபியும் தட்டினாள். காவலர் அருகே வந்து, மாடத்தில் தட்டக்கூடாது என்று மெதுவாகச் சொன்னார்.

"மன்னிச்சுக்கோங்க தம்பி, தெரியாம தட்டிட்டேன்" என்றவள் திடீரென்று இஷ்பெல்லின் கையைப் பிடித்தாள். "ஐயோ, சாவி! சாவி எங்கிட்ட இருக்கே! வாசல்ல வண்டிக்குள்ளயே உக்காந்திருப்பாரே மனுஷன். குளிருமே!"

இஷ்பெல் சட்டென்று கீழே அலஸ்டேரைப் பார்த்தாள். வீட்டுக்கென்று அமைச்சர் சொல்லவில்லை. அலஸ்டேருக்கு இன்னும் ஒரு துணைக்கேள்வி பாக்கி. 'எங்கே போனார், யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்' என்று அட்டையில் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். கேளுங்க, கேளுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள். அலஸ்டேர் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இந்தச் சபையில் நல்ல சேதி வந்தால் நன்றி சொல்வதுதான் பண்பு.

"அமைச்சருக்கு என் தொகுதி மக்கள் சார்பில் மனமார்ந்த நன்றி" என்றார். உட்கார்ந்தார். சபாநாயகர் ஆறாம் எண்ணை அழைத்தார்.

வெளிக்கூடத்துக்கு வந்ததும் எஃபி அணைத்து வைத்திருந்த ஃபோனை அவசரமாகப் போட்டாள். தீவு ஆஸ்பத்திரி நர்ஸ் கர்ஸ்டியின் குரல் பதிவாகியிருந்தது. காது மந்தம் என்பதால் சத்தமாக வைத்தாள். இஷ்பெல்லும் கேட்டாள்.

"எஃபி, காலையிலேருந்து கூப்பிடறேன், கிடைக்கலை. ஃபின்லேயை முதல் படகுல ஏத்திட்டாங்க. அந்தக் கரையில, கிழக்குக் கோடியில ஏதோ முதியோர் இல்லமாம், அங்கதான் இடம் இருக்காம். மேலேருந்து ஒரே அவசரம். எஃபி வர்ற வரைக்கும் பொறுங்கன்னு சண்டை போட்டேன், கேக்கலை. போகலாமான்னு அவர்கிட்ட கேட்டாங்க, தலையாட்டிட்டாரு. வண்டியில ஏத்தறப்போ சிரிச்சாரு எஃபி. வீட்டுக்குன்னு நெனச்சுட்டாரு போல. உன் ஃப்ளாஸ்க் இங்கதான் இருக்கு."

எஃபி இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள்.

அதற்குள் அலஸ்டேர் படியிறங்கி வந்துவிட்டார், முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டீங்களா எஃபி? கேட்டீங்களா?"

"கேட்டேன் தம்பி. நல்லாப் பேசினீங்க."

இஷ்பெல்தான் அவரை ஓரமாக இழுத்துப்போய்ச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. "நான் நன்றி வேற சொல்லித் தொலைச்சேனே, இஷ்பெல்" என்றார். கெட்டவர் இல்லை. அமைச்சரைப் பிடிக்கிறேன் என்று அப்போதே ஓடினார். ஓடி என்ன, கேள்வி கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று.

சிற்றுண்டிச் சாலையில் எஃபி தேநீரைத் தொடவில்லை.

"இன்னொரு கேள்வி எழுது கண்ணு. வீடெல்லாம் வேண்டாம். அவரைப் பழைய ஆஸ்பத்திரிக்கே அனுப்பச் சொல்லி எழுது. பஸ் ஏறிப் போய் நான் பாத்துக்கறேன்."

"எஃபியம்மா, அந்தப் படுக்கையில இந்நேரம் வேற ஆளைப் போட்டிருப்பாங்க."

"அப்போ அவருக்கு யாரு சோறு ஊட்டறது? வாயைத் திறக்கமாட்டாரே."

இஷ்பெல் உடைந்தாள். "நான்தான் எஃபியம்மா. வீட்டுக்கு எப்போன்னு நீங்க சொன்னீங்க. அந்த வீட்டை எடுத்துட்டு, வெளியேறன்னு போட்டவ நான்தான். கேட்டதைக் கொடுத்துட்டாங்க."

"அது இருந்தா கேள்வியே வந்திருக்காதுன்னு சொன்னியே?"

"வந்திருக்காது."

"அப்படின்னா நீ என்ன பண்ணுவே. அழாதே. மூக்கைத் துடை." சொன்னவளின் கன்னத்திலும் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்கு நல்லது செய்திருந்தார்கள்.

கிழக்கே போகும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். அந்த ஊரில் தங்க இடம் கிடைக்குமா என்று இஷ்பெல் கேட்டதற்கு, "அவர் கட்டில் பக்கத்துல ஒரு நாற்காலி போடாமலா இருப்பாங்க" என்றாள். எழுந்தவள் கைப்பையைத் திறந்து, சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதைப் பக்கத்து வீட்டு மர்டோவுக்குத் தபால்ல அனுப்பிடு. கதவைத் திறந்தே போட்டு வைக்கச் சொல்லு. பூட்டிக் கெடந்தா, நாங்களும் காலி பண்ணிட்டோம்னு நெனச்சு விலை கேட்டு எவனாவது வந்துடுவான்."

இஷ்பெல் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினாள். சட்டமன்ற முத்திரை போட்ட உறை ஒன்றை எடுத்து, சாவியை உள்ளே போட்டு, மர்டோவின் முகவரியை எழுதினாள்.