காவல் நிலத்துப் புல்

அப்பாவின் வெந்த முதுகில் ஒட்டியிருந்த வாழையிலையை யசோதா தண்ணீர் விட்டு விட்டு உரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. அப்பா குப்புறப் படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து அவர் முனகுவதைக்கூட நிறுத்தியிருந்தார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

காட்டிலாகா ரேஞ்சர் கோவிந்தப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் யசோதாவின் கணவன் முனிகிருஷ்ணன் நிலையைப் பிடித்தபடி நின்றான்.

"நாராயணசாமி, இந்த நெலமையில கேக்கக் கூடாது. ஆனா மேல கேக்கறாங்கப்பா. காவல் நெலத்துல பெங்கி, அதான் நெருப்பு, எப்படிப் புடிச்சது? யாராச்சும் வெச்சாங்களா?"

முனிகிருஷ்ணனின் விரல்கள் நிலையில் இறுகியதை யசோதா பார்த்தாள். பாதி உரித்த இலை அவள் கையிலேயே நின்றது.

"என் பீடிதான் சார்," என்றார் அப்பா, தலையணைக்குள். "அணைக்காம போட்டுட்டேன்."

"நீ பீடி குடிச்சு நான் பாத்ததே இல்லையே."

"குடிப்பேன் சார்."

கோவிந்தப்பா தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனார்.

பீன்யா ஊருக்கு அப்பால் மேட்டில் இருந்த அந்தக் காவல் நிலத்துக்கு, சுதந்திரம் வந்த வருஷம் காட்டிலாகாவினர் வேலி போட்டு அப்பாவைக் காவலுக்கு வைத்தார்கள். அப்போது அங்கே மாட்டுக் குளம்பு பட்டுத் தேய்ந்த செம்மண்தான் இருந்தது. நடுவதற்கு ஒன்றுமில்லை. மாடும் நெருப்பும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். முதலில் புல் வந்தது. புல்லுக்குள் ஆவாரையும் காரைமுள்ளும் எழுந்தன. முள்ளில் உட்கார்ந்த குருவிகள் எச்சமிட்டதில், அந்த நிழலிலேயே சந்தனமும் வேம்பும் முளைத்தன. அம்மா செத்த பிறகு அப்பா பெரும்பாலும் அங்கேதான் கிடந்தார். யாராவது மெச்சினால், "நான் என்னா பண்ணேன்? சும்மா வுட்டேன், அதுவா வந்துச்சு" என்பார். இந்த வருஷம் சில மரக்கன்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தன.

நெருப்புப் பிடித்த அன்று முனிகிருஷ்ணன் புருவம் கருகி வீட்டுக்கு ஓடிவந்தான். "வேலிக்கு வெளியதான் வெச்சேன் யசோதா. காஞ்ச புல்லு எரிஞ்சா மாட்டுக்குத் துளிரு வருமேன்னு. எல்லாரும் வெக்கறதுதான? காத்து திரும்பிடுச்சு." அவன் சொல்லி முடிக்கும்போது, அங்கே எல்லாவற்றையும் பார்த்திருந்த அப்பா, நெருப்பை அடித்து அணைக்க ஒரு பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு அதற்குள் போயிருந்தார்.

ஜீப்பின் சத்தம் அடங்கியது. முனிகிருஷ்ணன் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்ன?"

அப்பா முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். "ராத்திரி மழை பேஞ்சுதில்ல? போய்ப் பாத்துட்டு வா கண்ணு."

அவள் போனாள். மேடு முழுவதும் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து புல் ஊசி ஊசியாக எழுந்திருந்தது. கன்றுகள் நின்ற இடத்தில் கரிக்குச்சிகள். ஒன்றின் அடியில் உட்கார்ந்து ஈரச் சாம்பலை விரலால் ஒதுக்கினாள். மண்ணை ஒட்டிச் சிவப்பாக ஒரு மொட்டு, மிளகு அளவுதான். அடுத்ததைப் பார்த்தாள், ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கை கறுக்கக் கறுக்கத் தேடினாள்.

"புல்லு வந்திருக்குப்பா, மேடு பூரா."

"செடி?"

"எல்லாம் அடியில துளுத்திருக்கு."

அப்பா அவள் கையைப் பார்த்தார். நகத்துக்குள் எல்லாம் கரி. "அதுங்களுக்கு நாளாவும்," என்றார். பிறகு, "அவன் சாப்ட்டானா?" என்றார்.

"யாரு?"

"உன் வூட்டுக்காரன்."

அவள் வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்து, சாப்பிட்டார் என்றாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் பாடை கிளம்பும்போது கூட்டத்தில் யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள்: "பத்து வருஷம் காத்துட்டு, கடைசில தன் கையாலயே கொளுத்திக்கினாரு பாவம்." யசோதா வாயைத் திறந்தாள். ஆண்பிள்ளையில்லாத வீடு என்பதால் கொள்ளிச்சட்டியை மருமகன் கையில் கொடுத்திருந்தார்கள். சட்டி ஆடியது. "கெட்டியாப் புடிப்பா," என்றார் ஒருவர். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் மாடுகள் கத்தின. இரண்டு நாளாக வைக்கோல்தான். முனிகிருஷ்ணன் கோலை எடுத்துக்கொண்டு வந்தான். யசோதா அதை அவன் கையிலிருந்து வாங்கி, மாடுகளை அவிழ்த்து ஏரிப் பக்கம் ஓட்டினாள்.

"அங்க ஒண்ணும் இல்லயே யசோதா."

அவள் திரும்பவில்லை. பாதை பிரியும் இடத்தில் மாடுகள் நின்று, புதுப் புல் முளைத்திருந்த மேட்டுப் பக்கம் மூக்கைத் தூக்கின. ஒன்று திரும்பி நடக்கத் தொடங்கியது. பின்னாலேயே வந்துகொண்டிருந்த முனிகிருஷ்ணன் சுற்றிக்கொண்டு முன்னால் ஓடினான். இரண்டு கைகளையும் அகல விரித்து, கடைசிக் கன்றுக்குட்டியும் கடந்து போகும்வரை அந்தப் பாதையை மறித்துக்கொண்டு நின்றான்.