குருவின் கணுக்கால்

பையைப் பறித்தவனிடம் ஷாமினி "சாரி" என்று சொன்னாள். அதை மட்டும் அவள் யாருக்கும் சொல்லவில்லை.

பை போனதை ஊருக்கே சொன்னாள். ஈப்போ டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து, பட்டப்பகல் மாதிரி வெளிச்சம் இருந்த சாயங்காலத்தில் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளில் வந்தவன் பையைப் பிடித்து இழுத்தான். வார் அவள் தோளில் மாட்டிக்கொண்டது. அவன் படும் பாட்டைப் பார்த்து இவளே கையைத் தூக்கி வாரைக் கழற்றிவிட்டாள். அப்புறம்தான் அந்த "சாரி". பையில் இருந்தது ஒரு குடை, அடையாள அட்டை, மத்தியானம் தின்று மீந்த பாதி மீ கோரெங் நூடுல்ஸ். மூன்றும் போயின.

சொந்த ஊரான சுங்காயிலிருந்து அம்மா கருப்பம்மாள் அன்றைக்கே போனில் தீர்ப்பு எழுதிவிட்டாள். "போதும், வந்துரு. செம்பனை எண்ணெய் மில்லுல லாரி எடை எழுத ஆள் கேக்கறாங்க. வீட்டுலேருந்து நடந்தே போலாம்."

மில்லில் எடை எழுதுவதென்றால் வாழ்நாள் முழுக்க அந்தத் தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது. ஷாமினிக்கு அது தெரியும். ஈப்போ அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பயத்தோடு சேர்ந்து ஒரு வாடகை அறை, ஒரு ஜன்னல், சம்பளத்தில் வாங்கிய ஒரு மின்விசிறி எல்லாம் இருந்தன. வாயில் வந்ததை எடுத்துவிட்டாள். "நான் குங்ஃபூ கத்துக்கப் போறேன் மா. இங்க பக்கத்துலயே கிளாஸ் இருக்கு."

மறுமுனையில் அம்மா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி. நாலு ஞாயித்துக்கெழம தாரேன். நாலாவது வாரம் ஒங்கண்ணன அனுப்பறேன். ஒன்னய நீயே காப்பாத்திக்குவேன்னு அவனுக்குத் தெரிஞ்சா இரு. இல்லேன்னா அன்னிக்கே பெட்டியோட வந்துரு. இன்னொண்ணு, யாருகிட்ட எத கத்துக்கிட்டாலும் மொதல்ல கால தொட்டுக் கும்பிட்டு ஆரம்பி. மரம் மாதிரி போய் நிக்காத."

அந்தக் கடைசிச் சொல்தான் எல்லா வினைக்கும் வித்து.

வகுப்பு, பழைய டவுனில் ஒரு மீ கடைக்கு மேலே இருந்த சீனர் சங்க மண்டபத்தில் நடந்தது. படியேறும்போதே கோழிச்சாறு வாசமும் ஊதுவத்தி வாசமும் கைகோத்துக்கொண்டு எதிரே வந்தன. சிஃபு என்றால் குருவாம். முப்பத்து நாலு வயது, பெயர் லிங், சட்டையெல்லாம் பூனை ரோமம். வாரநாளில் நாய் பூனைகளுக்கு முடி வெட்டுகிறாள். புந்தோங்கில் இந்தியர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள் என்பதால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை லிங் நடுமண்டபத்தில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை இடுப்புயரம் தூக்கி உதை காட்டிக்கொண்டிருந்தாள். பத்துப் பேர் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஷாமினிக்குப் பதற்றம். தாமதமாக வேறு வந்திருந்தாள். அம்மா சொன்னது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. செருப்பைக் கழற்றினாள், குனிந்தாள், ஊன்றியிருந்த அந்த ஒற்றைக் காலை நோக்கிப் பக்கவாட்டில் பாய்ந்தாள்.

காலைப் பிடிக்க எவனாவது பாய்ந்தால் துள்ளி விலக வேண்டும் என்பது லிங்குக்கு இருபது வருடப் பழக்கம். துள்ளினாள். அழகான துள்ளல்தான். இறங்கிய இடத்தில், வரிசையில் நின்ற மங்களம் அக்காவின் தண்ணீர்ப் போத்தல் கிடந்தது.

"மளுக்" என்று ஒரு சத்தம். போத்தலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இது என்னா அட்டாக்கு?" தரையில் உட்கார்ந்தபடி லிங் கேட்டாள். "எந்த ஸ்கூல்ல கத்துக்கிட்ட?"

"இல்ல சிஃபு, கும்பிட வந்தேன்."

"கும்பிடறதா? புந்தோங்ல எல்லாரும் சொல்லிட்டுத்தான் கும்பிடுவாங்க லா."

ஐம்பது வயதுக்கு மேல் முட்டிவலிக்காக வகுப்பில் சேர்ந்த பள்ளிக்கூட அலுவலகக் கிராணி மங்களம் அக்கா, சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து வந்த வாரங்களில் லிங் இடதுகாலில் கட்டோடு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாயாலேயே பாடம் நடத்தினாள். ஷாமினி கற்றது மிகச் சொற்பம். காலை அகட்டித் தாழ்ந்து நிற்பது ஒன்று, நின்ற வாக்கில் பக்கவாட்டில் ஓர் எட்டு வைப்பது இன்னொன்று. குத்து வரவில்லை. குத்தும் பஞ்சுப்பலகையை மங்களம் அக்கா பிடித்துக்கொண்டால், குத்திவிட்டு "வலிக்குதாக்கா?" என்று கேட்பாள்.

"பலகைக்கு வலிக்காது தங்கச்சி," என்பாள் அக்கா. "நீ குத்துனா கொசுவுக்கே வலிக்காது."

நாலாவது ஞாயிறு வந்தது. பத்து மணிக்குப் படிக்கட்டு அதிர்ந்தது. அண்ணன் கோகிலன். லாரி ஓட்டுகிறவன். ஆள் கதவை நிறைத்துக்கொண்டு நின்றான். கையில் மடித்த அட்டைப்பெட்டி ஒன்று. சாமான் கட்டுவதற்கென்று சுங்காயிலிருந்தே கொண்டுவந்திருந்தான். 

"எப்படி, ஏதாச்சும் தேறுனாளா?" என்று பொதுவாகக் கேட்டான்.

மங்களம் அக்கா முந்திக்கொண்டாள். "என்னா தம்பி அப்படிக் கேட்டுட்டீங்க. வந்த மொத நாளே சிஃபு கால ஒடச்சிட்டா."

கோகிலன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அப்போது நாற்காலியையும் கட்டையும் பார்த்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. "நெசமாவா சிஃபு?"

"நெசம் லா," என்றாள் லிங். "ரொம்ப வேகம். நான் பாக்கவே இல்ல."

ஒரு வார்த்தையிலும் பொய் இல்லை. கோகிலன் தங்கையைப் பார்த்த பார்வை மாறியது. அட்டைப்பெட்டியை மெல்லச் சுவரில் சாய்த்துவிட்டு, தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றான். ஷாமினி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஈப்போ அவளுடையது.

அவன் ஸ்பீக்கரில் அம்மாவைக் கூப்பிட்டான். "மா, இனிமே இவளப் பத்திக் கவலப்படாத. மாஸ்டரோட கால ஒடச்சி ஒக்கார வச்சிட்டா."

"யாரு கால?"

"சொல்லிக்குடுக்கிறவங்க கால மா."

"சொல்லிக்குடுக்கிறவங்க காலயா?" கருப்பம்மாளின் குரல் மண்டபத்துக் கூரை வரை ஏறியது. "குருவ அடிச்சவ எங்கடா உருப்படுவா? டவுனுக்குப் போயி இதத்தான் கத்துக்கிட்டாளா? இப்பவே கூட்டிட்டு வா. ஒரு நிமிசம் அங்க இருக்கக் கூடாது."

கோகிலன் கை தானாகவே அட்டைப்பெட்டிக்குப் போயிற்று.

ஷாமினி நாக்கால் உதட்டை நனைத்தாள். உண்மையைச் சொன்னால் அம்மாவின் கோபம் தணியலாம். ஆனால் அண்ணன் கண்ணில் முதல்முதலாகத் தெரிந்த அந்த மரியாதை போய்விடும், பெட்டி எப்படியும் கட்டியாக வேண்டும். இருந்தாலும் குருவை அடித்தவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக அவளால் முடியாது.

"நான் அடிக்கல மா. எனக்கு அடிக்கவே தெரியல. நாலு வாரமா ஒரு குத்து ஒழுங்கா வரல. அந்தப் பையக்கூட அவன் புடுங்கல, நானாத்தான் கழட்டிக் குடுத்தேன். குடுத்துட்டு சாரி வேற சொன்னேன்." போனுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தாள். "சிஃபு ஒத்தக் கால்ல நின்னுட்டு இருந்தாங்க. கால தொட்டுக் கும்பிடலாம்னு ஓடுனேன். அவங்க பயந்து குதிச்சிட்டாங்க. அவ்ளோதான்."

கோகிலன் முகத்தில் மரியாதை ஒழுகிப்போவதை அவளால் பார்க்க முடிந்தது. அதற்குள் போனில் அம்மாவின் குரல்.

"கும்பிடப் போனியா?"

"நீதான மா சொன்ன."

"நான்தான் சொன்னேன்," என்றாள் கருப்பம்மாள். இப்போது குரல் தரைக்கு இறங்கியிருந்தது. "ஐயோ, என் பேச்சக் கேட்டா அந்தப் புள்ளைக்குக் கால் போச்சு?"

"மா, அப்ப நாங்க கெளம்பறோம்," என்றான் கோகிலன்.

"எங்கடா கெளம்பறது? குருவ நொண்டியாக்கிட்டு அப்படியே வுட்டுட்டு வர்றதா? நம்ம வீட்டுல அப்படி யாரும் செஞ்சதில்ல. பாப்பா, நீ அங்கயே இருக்கற. அவங்களுக்குத் துணி தொவச்சிக் குடு, கடையில சாப்பாடு தாப்பாவ் கட்டி வாங்கிக் குடு, எல்லாம் செய்யி. கால் நல்லாற வரைக்கும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

"மில்லு வேல?"

"வேற யாராச்சும் எழுதட்டும். கால் எப்ப நல்லாவும், அதக் கேளு."

எல்லாரும் லிங்கைப் பார்த்தார்கள். கால் குணமாகிப் பத்து நாள் ஆயிற்று. லிங்கின் அம்மா தினம் பச்சிலை வைத்துக் கட்டுவதைத் தடுக்க முடியாமல்தான் அந்தக் கட்டு. இது வகுப்பில் பத்துப் பேருக்கும் தெரியும். லிங் அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். ஷாமினியைப் பார்த்தாள். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, "அம்மா," என்று போனைப் பார்த்து முனகினாள். "ரொம்ப வலி லா. டாக்டர் ஆறு மாசம் சொன்னாங்க. ஒரு வருஷங்கூட ஆவுமாம்."

"ஐயோ, பாவம் புள்ள," என்றது போன்.

உறுதிப்படுத்துவதற்காக லிங் தண்ணீர்க்கூஜா வரைக்கும் நொண்டி நடந்து காட்டினாள். அருமையான நொண்டல். வலதுகாலில்.

கட்டு இடதுகாலில் இருந்தது.

மங்களம் அக்காவுக்கு இருமல் வந்தது. கோகிலனின் பார்வை லிங்கின் கால் பக்கம் திரும்பத் தொடங்கியது. ஷாமினி யோசிக்கவில்லை. பக்கவாட்டில் ஓர் எட்டு வைத்து, காலை அகட்டி, தாழ்ந்து, அண்ணனுக்கு நேர்குறுக்கே நின்றாள்.

"அண்ணே, கார எங்க போட்ட? கீழ போலீஸ் அபராதச் சமன் எழுதறாங்க."

"அதெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன். தள்ளு, தண்ணி குடிக்கணும்." இடப்பக்கம் எட்டிப் பார்த்தான். அவள் இடப்பக்கம் வந்தாள். வலப்பக்கம் சாய்ந்தான். அங்கேயும் இருந்தாள். தோளில் கைவைத்துத் தள்ளிப் பார்த்தான். சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

"என்னா பாப்பா, எரும மாதிரி வழிய அடைச்சிக்கிட்டு நிக்கற?"

"நில்லுண்ணே," என்றாள் ஷாமினி. "சிஃபு ஒக்காரட்டும்."

அவள் முதுகுக்குப் பின்னால், காலை மாற்றிக்கொண்டு, லிங் நாற்காலியை நோக்கி நொண்டிக்கொண்டிருந்தாள்.